முக்குளித்துவிட்டு உடனே மலையேறலாமா?

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பேராவின் கோப்பெங், கம்பார் வட்டாரக் குடும்பங்கள் பெர்ஹெந்தியான், ரெடாங் போன்ற கிழக்குக் கரைத் தீவுகளுக்குப் புறப்படுவதுண்டு. அங்குள்ள பவளப்பாறைகளை நீருக்கடியில் சென்று காண்பது பிள்ளைகளுக்கு மறக்க முடியாத பாடம். ஆனால் தீவில் காட்டும் கவனத்தை வீடு திரும்பும் சாலையிலும் காட்ட வேண்டும்.

பவளம் செடியும் அல்ல, கல்லும் அல்ல. அது ஓர் உயிரினம். சிறு உயிர்கள் கூட்டமாக வாழ்ந்து சுண்ணாம்புக் கூடுகளைக் கட்டுகின்றன. கோப்பெங் அருகிலுள்ள குவா தெம்புரோங் குகையின் சுண்ணாம்புக்கல்லும் பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் உருவானதுதான். குகையைப் பார்த்த பிள்ளைகளுக்கு இதை எளிதாக விளக்கலாம். கடல் சாமந்தியின் கொட்டும் கைகளுக்குள் கோமாளி மீன் பாதுகாப்பாகக் குடியிருப்பதையும், கிளிமீன் பாறையைச் சுரண்டித் தின்பதையும் அங்கே காணலாம். எதையும் தொடக்கூடாது, பவளத்தின் மேல் நிற்கக்கூடாது என்பது முதல் விதி. கடல்நீர் சூடேறியதால் 2010-லும் 2024-லும் மலேசியப் பவளங்கள் வெளுத்துப்போயின.

ஸ்கூபா பயிற்சிச் சான்றிதழ் பெறப் பொதுவாக 10 வயது நிரம்பியிருக்க வேண்டும். 10, 11 வயதுப் பிள்ளைகள் 12 மீட்டர் ஆழத்தைத் தாண்டக்கூடாது. பயிற்றுநரோ, சான்றிதழ் பெற்ற பெற்றோரோ உடன் இருக்க வேண்டும். ஆஸ்துமா, காது நோய் உள்ளவர்கள் முன்கூட்டியே மருத்துவரைப் பார்ப்பது அவசியம்.

இனி முக்கியமான விஷயம். கடலில் 10 மீட்டர் இறங்கினால் உடலின் மீதான அழுத்தம் இரண்டு மடங்காகிறது. அப்போது சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் கூடுதலாக இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. மேலே வந்த பிறகும் அது முழுதாக வெளியேறப் பல மணி நேரமாகும். அதற்குள் உயரமான இடத்துக்குப் போனால் காற்றழுத்தம் குறைகிறது. சோடா போத்தலின் மூடியைத் திறந்தால் குமிழிகள் பொங்குவதுபோல், உடலுக்குள்ளும் நைட்ரஜன் குமிழிகள் உருவாகலாம். அவை மூட்டு, நரம்பு, முதுகுத்தண்டு ஆகியவற்றைப் பாதிக்கும்.

விமானம் ஏறக்கூடாது என்பது பலருக்குத் தெரியும். காரும் மலையேறும் என்பது நினைவுக்கு வருவதில்லை. கோல பெசுட்டிலிருந்து கோப்பெங் வர தித்திவாங்சா மலைத்தொடரைக் கடக்க வேண்டும். ஜெலி–கிரிக் நெடுஞ்சாலை சுமார் 1,000 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது. குவா மூசாங்கிலிருந்து கம்போங் ராஜா வழியாக சிம்பாங் பூலாய்க்கு இறங்கும் சாலை அதைவிட உயரமானது. 600 மீட்டருக்கு மேல் ஏறுவதை விமானப் பயணத்துக்குச் சமமாகவே கருத வேண்டும் என்பது முக்குளிப்புப் பாதுகாப்பு நெறி. ஒரே ஒரு முறை முக்குளித்தவர் குறைந்தது 12 மணி நேரமும், பல முறையோ பல நாளோ முக்குளித்தவர் குறைந்தது 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும். ஒரு முழு நாள் காத்திருப்பது இன்னும் நல்லது.

இதற்கு எளிய வழி உண்டு. ஸ்கூபா முக்குளிப்பை முதல் நாட்களிலேயே முடித்துக்கொள்ளலாம். கடைசி நாளை நீர்மட்டத்தில் மிதந்து பார்க்கும் ஸ்னோர்கெலிங்குக்கு ஒதுக்கலாம். அதில் அழுத்தக் காற்றைச் சுவாசிப்பதில்லை என்பதால் இந்தப் பிரச்சினை எழுவதில்லை. ஸ்கூபா வயதை எட்டாத தம்பி தங்கைகளும் அன்று சேர்ந்துகொள்ளலாம்.

முக்குளித்த ஒரு நாளுக்குள் மூட்டு வலி, மரத்துப்போதல், தலைச்சுற்றல், அளவுக்கு மீறிய களைப்பு தோன்றினால், "பயணக் களைப்பு" என்று படுத்துவிடக்கூடாது. உடனே மருத்துவமனைக்குச் சென்று, முக்குளித்ததை மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டும். பிராணவாயுவும் அழுத்த அறைச் சிகிச்சையும்தான் இதற்கு மருந்து. பேராவிலேயே, லூமுட் ஆயுதப்படை மருத்துவமனையில் அத்தகைய அறை உண்டு.

விடுமுறைத் திட்டம் போடும்போதே கூடுதலாக ஓர் இரவை கடற்கரையில் தங்க ஒதுக்கிவிடுங்கள். அதற்கு ஆகும் செலவு, பிள்ளையின் முதுகுத்தண்டை விடப் பெரியதல்ல.