நெஞ்சைத் திறக்கும்போது மூச்சு யார் கையில்?

நுரையீரல் ஆபரேஷன் என்று முடிவாகி, புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்கோ மதுரைக்கோ கிளம்புமுன் சிலர் சித்த மருத்துவரான என்னிடமும் கேட்பதுண்டு: "நெஞ்சையே திறந்துட்டா மூச்சு எப்படிங்க ஓடும்?"

நியாயமான கேள்விதான். நெஞ்சுக்கூடு விரியும்போது நுரையீரலும் கூடவே விரிந்து காற்றை இழுக்கிறது. நெஞ்சைத் திறந்தால் வெளிக்காற்று புகுந்து, அந்தப் பக்க நுரையீரல் காற்றுப்போன பலூன் மாதிரி சுருங்கிவிடும். அதனால்தான் முன்பெல்லாம் நெஞ்சில் கத்தி வைக்கவே டாக்டர்கள் அஞ்சினார்கள். குழாய் வழியாகக் காற்றைச் செலுத்தும் முறை வந்த பிறகே வழி பிறந்தது. நம் வேலூர் சி.எம்.சி.யில் 1940களின் கடைசியில் டாக்டர் ரீவ் பெட்ஸ் நெஞ்சு அறுவைச் சிகிச்சைக்கென்றே தனித் துறை தொடங்கினார்.

இன்று என்ன செய்கிறார்கள்? மயக்கம் கொடுத்துத் தசைகளைத் தளர்த்தியதும் மூச்சு விடும் வேலையை இயந்திரம் ஏற்றுக்கொள்ளும். தொண்டை வழியாக இரட்டைக் குழாய் ஒன்றை இறக்குவார்கள். வலது நுரையீரலுக்கு ஒரு வழி, இடதுக்கு ஒரு வழி. ஆபரேஷன் நடக்கும் பக்கத்துக்குக் காற்றை நிறுத்திவிட்டு, மறுபக்கத்தை மட்டும் இயக்குவார்கள். இரண்டின் பாரத்தையும் ஒன்றே சுமக்கும் நேரம் அது! விரலில் மாட்டிய கருவி ஆக்ஸிஜன் அளவைக் காட்டிக்கொண்டே இருக்க, மயக்க மருத்துவர் பக்கத்திலேயே இருந்து கவனிப்பார்.

அவரிடம் எதையும் மறைக்காதீர்கள். "நாட்டு மருந்து சாப்பிடறேன்னு சொன்னா டாக்டர் கோபிச்சுக்குவார்" என்று பலர் வாயைத் திறப்பதில்லை. இருமலுக்கு அதிமதுரத்தைப் பல நாள் தொடர்ந்து சாப்பிட்டால் இரத்தத்தில் பொட்டாசியம் குறையலாம். இரத்த அழுத்தம் ஏறலாம். பூண்டு மருந்து அதிகமானால் இரத்தம் உறைவது தாமதப்படலாம். மூலிகை மருந்துகளைப் பொதுவாக 2 வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ஆனால் பிரஷர் மாத்திரை, ஆஸ்துமா மருந்துகளை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இன்னும் சில:

* பீடி, சிகரெட்டை உடனே விடுங்கள். 4 வாரம் முன்பே விட்டால் நுரையீரலுக்கு நல்லது.
* ஆடும் பல், பல் செட், குறட்டை இருந்தால் சொல்லுங்கள்.
* சொன்ன நேரத்துக்குப் பின் ஒரு வாய் காபிகூட வேண்டாம். மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போய்விடலாம்.
* பந்து ஊதும் கருவியில் மூச்சை உள்ளிழுக்கும் பயிற்சியை முன்கூட்டியே பழகுங்கள். ஆபரேஷனுக்குப் பின் வலியைக் காரணம் காட்டி விட்டுவிடாதீர்கள்.

சாப்பிடும் சூரணம், லேகியம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். பெயர் தெரியவில்லையா? கொடுத்த வைத்தியரிடமே எழுதி வாங்குங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம்.