ஒரே நோய், இருவேறு போக்கு

முதியவர்களை அதிகம் தாக்கும் ‘நாள்பட்ட லிம்போசைட்டிக் லுக்கீமியா’ என்னும் ரத்தப் புற்றுநோயில், எதிர்ப்பொருள்களை உருவாக்க வேண்டிய பி அணுக்கள் உரிய காலத்தில் அழியாமல் ரத்தத்திலும் எலும்பு மஜ்ஜையிலும் குவிகின்றன. நுண்ணோக்கியில் நோயாளிகள் அனைவரின் அணுக்களும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றினாலும், சிலர் சிகிச்சையே தேவைப்படாமல் பல்லாண்டு வாழ, வேறு சிலருக்கு நோய் விரைந்து முற்றிவிடுகிறது.

இதன் காரணம் 1999இல் ஓரளவு புலப்பட்டது. கிருமிகளை எதிர்கொண்டு பி அணு பக்குவப்படும்போது, எதிர்ப்பொருளுக்குரிய ஐஜிஹெச்வி மரபணு இயல்பாகவே மாற்றமடையும். இங்கிலாந்தில் டெர்ரி ஹாம்ப்ளின் குழு ஆராய்ந்த தொடக்கநிலை நோயாளிகளுள், அம்மாற்றம் பெற்ற அணுக்களை உடையோரில் பாதிப்பேர் 293 மாதங்களுக்கு மேல் வாழ்ந்திருக்க, மாற்றம் பெறாதோருக்கு அந்த இடைநிலை அளவு 95 மாதங்களாகவே இருந்தது.

அப்படியானால் இவை இரு வேறு நோய்களா என்ற ஐயம் எழுந்தது. உடலின் அணுக்கள் அனைத்திலும் ஏறத்தாழ ஒரே மரபணுக்கள் இருந்தாலும், எவை எந்த அளவுக்குச் செயல்படுகின்றன என்பது அணுவுக்கு அணு மாறுபடும். இதுவே மரபணு வெளிப்பாடு. ஒரு மரபணு செயல்படும்போது அதன் படியாக ஆர்என்ஏ உருவாவதால், ஆயிரக்கணக்கான மரபணுக்களின் ஆர்என்ஏ அளவை மைக்ரோஅர்ரே என்னும் சில்லில் ஒருசேர அளந்து இதை அறியலாம். இம்முறையில் 2001இல் வெளியான ஆய்வுகள், இரு பிரிவுகளுக்கும் பொதுவான வெளிப்பாட்டு அமைப்பு இருப்பதால் நோய் அடிப்படையில் ஒன்றே எனக் காட்டின. எனினும் பிரிவுகளை வேறுபடுத்திய மரபணுக்களுள் ஸாப்-70 முதன்மையாக நின்றது. வழக்கமாக டி அணுக்களில் இயங்கும் இதன் புரதம், பெரும்பாலும் மாற்றம் பெறாத பிரிவின் புற்றணுக்களில் மிகுந்து, பி அணுவின் ஏற்பி வழியாக உள்ளே செல்லும் வளர்ச்சிச் சமிக்ஞையை வலுப்படுத்துகிறது.

ஸாப்-70ஐ அளந்தே நோயின் போக்கை முன்கணிக்கலாம் என்ற நம்பிக்கை நெடுநாள் நிலைக்கவில்லை. ஆய்வகத்துக்கு ஆய்வகம் முடிவுகள் வேறுபட்டன. 2016இல் வெளியான பன்னாட்டு முன்கணிப்புக் குறியீடு, டிபி53 மரபணுவின் நிலை, ஐஜிஹெச்வி மாற்றம், பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் அளவு, நோயின் கட்டம், வயது ஆகிய ஐந்தையே கணக்கில் கொண்டது. ஆயினும் ஸாப்-70 சுட்டிய சமிக்ஞைப் பாதையே சிகிச்சையின் இலக்கானது: அப்பாதையில் உள்ள பிடிகே என்னும் நொதியைத் தடுக்கும் இப்ரூட்டினிப் மருந்து 2014இல் அமெரிக்காவில் இந்நோய்க்கு ஒப்புதல் பெற்றது. இத்தகைய மருந்துகளால் இரு பிரிவுகளுக்கும் இடையிலான இடைவெளி பெரிதும் குறைந்துவிட்டதால், கீமோதெரபிக் காலத்துக்குரிய பழைய மாதக் கணக்கை இன்றைய நோயாளி தம் ஆயுளுக்குரிய அளவுகோலாகக் கொள்ள வேண்டியதில்லை.