குரங்குக் காய்ச்சலும் காட்டு உண்ணியும்

அக்காலத்து மைசூர் இராஜ்யத்து ஷிமோகா ஜில்லாவில், க்யாசனூர் காட்டில் 1957-ஆம் வருஷம் குரங்குகள் மாண்டன. அக்காட்டிற்குச் சென்று வந்த கிராமத்தாரும் கடுஞ்சுரங்கண்டு வீழ்ந்தனர். நோயைப் பரப்புவது உண்ணியென ஆராய்ச்சியில் வெளியாயிற்று.

மாடுகளுக்கு இந்நோயால் கெடுதி காண்பதில்லை. ஆகவே குடியானவர் அவற்றை ஐயுறுவதில்லை. ஆனால், முதிர்ந்த உண்ணிகள் அவற்றின் இரத்தமுண்டே பெருகுகின்றன. மனிதரைக் கடிப்பதோ எளிதிற் புலப்படாத இளம் உண்ணி. மார்கழி முதல் வைகாசி வரை அதன் காலம். கடியுண்ட 3 முதல் 8 நாட்களில் திடீர்ச் சுரமும், தலைவலியும், தசைநோவும், சிலருக்கு இரத்தப்போக்கும் உண்டாகும். இதற்கெனத் தனி மருந்தில்லை.

காட்டினின்று திரும்பியோர் வெந்நீரில் நீராடி, உடலையும் உடையையும் சோதித்தல் வேண்டும். செத்த குரங்கினின்று உண்ணிகள் உதிருமாதலால் அவ்விடத்தை எவரும் அணுகலாகாது. கிராம அதிகாரி அன்றே சுகாதார இலாகாவுக்கும் வன இலாகாவுக்கும் தெரிவிக்கக்கடவர்.