ஊராட்சியில் பாதி, சட்டமன்றத்தில் பன்னிரண்டு

தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் சரிபாதி பெண்களுக்கு என்று 2016-இல் சட்டம் வந்தது. 2022 நகர்ப்புறத் தேர்தலுக்குப் பிறகு 21 மாநகராட்சிகளில் 11 பேர் பெண் மேயர்கள். அதே மாநிலத்தில் 2021 சட்டமன்றத் தேர்தலில் வென்ற 234 பேரில் பெண்கள் 12 பேர்தான். இத்தனைக்கும் வாக்காளர் பட்டியலில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். 1927-லேயே முத்துலட்சுமி ரெட்டியைச் சட்டசபையின் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்த ஊர் சென்னை. பிறகு ஏன் இந்த நிலை?

‘பெண்கள் முன்வருவதில்லை’ என்பது வழக்கமாகச் சொல்லப்படும் பதில். அது உண்மையில்லை. 2021-இல் நாம் தமிழர் கட்சி 117 தொகுதிகளில், அதாவது சரிபாதியில், பெண்களை நிறுத்தியது. அந்தக் கட்சி எந்தத் தொகுதியிலும் வெல்லவில்லை. ஆனால் போட்டியிட 117 பெண்கள் கிடைத்தார்கள்.

சிக்கல் சீட்டு கொடுக்கும் இடத்தில் இருக்கிறது. பெரிய கட்சிகளில் மாவட்டச் செயலாளரின் சொல்லுக்குத்தான் எடை. ஓர் ஆண் கிளைச் செயலாளராகத் தொடங்கி, ஒன்றியம், மாவட்டம் என்று மேலே வருகிறார். கட்சிக்கு வரும் பெண்ணைப் பெரும்பாலும் மகளிர் அணிக்கு அனுப்பிவிடுகிறார்கள். கூட்டத்துக்கு ஆள் திரட்டுவதும் ஆரத்தி எடுப்பதும் அங்கே நிறைய உண்டு. வேட்பாளர் பட்டியலில் கைவைக்கும் அதிகாரம் இல்லை. தூத்துக்குடியின் கீதா ஜீவனைப் போல மாவட்டச் செயலாளரான பெண்கள் மிக அரிது. இதற்கு மேல் வேட்பாளர் நேர்காணலில் ‘எவ்வளவு செலவு செய்வீங்க?’ என்ற கேள்வி வரும். நிலமும் வீடும் அப்பா பெயரிலோ கணவர் பெயரிலோ இருக்கும்போது ஒரு பெண் என்ன பதில் சொல்வார்?

ஊராட்சியில் பாதி இடம் கிடைத்ததே, அங்கிருந்து மேலே வரலாமே என்று தோன்றும். அந்த வழியிலும் அடைப்புகள் உண்டு. ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். துணைத் தலைவர் முறுக்கிக்கொண்டால் தெருவிளக்குக்குக்கூடப் பணம் எடுக்க முடியாது. தலைவர் தலித் பெண்ணாக இருந்தால் இந்த முறுக்கு இன்னும் இறுகும். கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவர் ஒருவர் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் 2020-இல் வெளியானது. மற்றவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்த எவரும் இடஒதுக்கீட்டோடு வேலை முடிந்தது என்று சொல்லத் துணியமாட்டார்கள்.

ஆனாலும் பதவி தொடர்ந்து கிடைத்தால் நிலைமை மாறுகிறது. மேற்கு வங்க ஊராட்சிகளில் பெண்கள் தலைமை ஏற்ற இடங்களில் குடிநீருக்குக் கூடுதலாகச் செலவிடப்பட்டதை எஸ்தர் டுஃப்லோ, ராகவேந்திர சட்டோபாத்யாய் ஆகியோரின் ஆய்வு காட்டியது. அதே மாநிலத்தில் நடந்த பிந்தைய ஆய்வு ஒன்றின்படி, இரண்டு முறை பெண் தலைவரைக் கண்ட ஊர்களில், ஒதுக்கீடு நீங்கிய பிறகும் அதிகமான பெண்கள் போட்டியிட்டு வென்றார்கள்.

அந்தத் தொடர்ச்சிதான் தமிழ்நாட்டில் அறுந்துபோகிறது. 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. பெரும்பாலான மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. நகர்ப்புறத்துக்கு 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2025 ஜனவரியில் அந்த மாவட்டங்களின் ஊராட்சிகள் பதவிக்காலம் முடிந்து மறுபடியும் அரசு நியமித்த தனி அலுவலர்கள் கைக்குப் போயின. உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போவதை நிர்வாகச் செய்தியாகவே படிக்கிறோம். பெண்களுக்குச் சரிபாதி உறுதியாக இருக்கும் ஒரே அரசியல் களம் அன்று மூடப்படுகிறது என்பதை யாரும் சொல்வதில்லை.

மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு தரும் சட்டத் திருத்தம் 2023-இல் நிறைவேறியது. முதல் மசோதா வந்தது 1996-இல். நிறைவேறிய சட்டமும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தொகுதி மறுவரையறை இரண்டும் முடிந்த பிறகே நடைமுறைக்கு வரும் என்ற நிபந்தனையோடுதான் வந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் 543 பேரில் 74 பெண்கள் வென்றார்கள்; 2019-ஐவிட இது குறைவு.

சட்டத்துக்காகக் காத்திருக்காத கட்சிகளும் உண்டு. 2019-இல் ஒடிசாவின் பிஜு ஜனதா தளம் 21 மக்களவைத் தொகுதிகளில் ஏழில் பெண்களை நிறுத்தியது. ஏழு பேரில் ஐவர் வென்றார்கள். 14 ஆண்களில் வென்றவர்கள் ஏழு பேர். அஸ்கா தொகுதியில் சுயஉதவிக் குழு நடத்திவந்த பிரமிளா பிசோயிக்கு, அதிகம் படிக்காதவர், எழுபது வயதை நெருங்கியவர் என்றெல்லாம் பார்க்காமல் சீட்டு கொடுத்தார்கள். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் அவர் வென்றார்.