வாணவேடிக்கையும் மெய்ப்பாடும்

கண்டோர் வியக்கும் காட்சிகள் உலகிற் பல. அவற்றுள் வாணவேடிக்கைக்கு ஒரு தனியியல்பு உண்டு. ஓவியம் சுவரில் நிற்கும். சிற்பம் கல்லில் நிற்கும். மாமல்லபுரத்துக் கற்றளிகள் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாகக் கடற்காற்றை எதிர்த்து நிற்கின்றன. வாணமோ சில நொடிகளில் தோன்றி, விரிந்து, அவிந்தொழிகின்றது. பின் எஞ்சுவது காண்போர் உள்ளத்தில் எழுந்த உணர்ச்சி ஒன்றே. ஆதலின், வாணவேடிக்கையை ஆராயப் புகுவோர் வாணத்தோடு காண்போரையும் சேர்த்தே ஆராய்தல் வேண்டும். கேளிக்கைப் பூங்காக்களில் இரவுக்காலத்தே நிகழும் இவ்வேடிக்கைகளைக் கண்டு மக்கள் மகிழ்வதும், ஏங்குவதும், நகைப்பதும், வெகுள்வதும் எதனால் என்பதை ஈண்டு ஒருவாறு விளக்க முயல்வாம்.

இவ்வாராய்ச்சிக்குத் திருப்போரூர் ஏற்றதோர் இடமாகும். முருகன் அசுரரோடு மூவிடத்துப் பொருதான் என்பது மரபு. திருச்செந்தூரிற் கடலிலும், திருப்பரங்குன்றத்தில் நிலத்திலும், திருப்போரூரில் விண்ணிலும் அப்போர் நிகழ்ந்தது என்பர். ஊரின் பெயரே போரால் அமைந்தது. ஆகவே, வானத்தை அரங்காகக் கொண்டு ஒரு பெருநிகழ்ச்சியைக் காணும் கற்பனை இவ்வூருக்குப் பழைமையானது. இவ்வட்டாரத்து இள்ளலூரில், ஏறத்தாழ 65 ஏக்கர் நிலப்பரப்பில், வொண்டர்லா என்னும் கேளிக்கைப் பூங்கா 2025 டிசம்பரில் திறக்கப்பெற்றது. கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டிலும் பூங்கா உண்டு. பழைய மாமல்லபுரச் சாலை நெடுகிலும் மக்கள் பெருகிவருகின்றனர். பொழுதுபோக்கை நாடுவோரும் பெருகுகின்றனர். பிற நாட்டுப் பூங்காக்களில் இரவுக்காட்சியே அந்நாளின் முடிமணியாகக் கருதப்படுகின்றது. அத்தகைய காட்சி நம் கரையிலும் என்றேனும் எழுமாயின், அஃது எவ்வாறு அமைதல் நலம் என்பது நாம் முன்கூட்டியே எண்ணத்தக்க வினாவாகும்.

முதற்கண் வாணத்தின் இயல்பைச் சிறிது அறிவோம். வெடியுப்பு, கரி, கந்தகம் என்னும் மூன்றும் முறையே 75, 15, 10 பங்கு சேர்ந்தது கருமருந்து. குழாயின் அடியில் இட்ட மருந்து பற்றி எரிய, வாணக்குண்டு மேலே எறியப்படுகின்றது. அதனுள் இருக்கும் திரி, உச்சியை அடையுங்கால் உள்மருந்தைக் கொளுத்த, சிறு உருண்டைகள் நாற்புறமும் சிதறி எரிகின்றன. அவ்வுருண்டைகளிற் கலந்த உலோக உப்புக்களே வண்ணத்தைத் தருகின்றன. ஸ்ட்ரான்ஷியம் சிவப்பையும், பேரியம் பச்சையையும், சோடியம் மஞ்சளையும், செம்பு நீலத்தையும் தரும். இவற்றுள் நீலமே அரியது. வெப்பம் சிறிது மிகினும் செம்புச் சேர்மம் சிதைந்து நிறம் வெளிறிவிடும். நன்னீலத்தைக் கண்டால் வாணத் தொழிலாளியின் கைத்திறத்தை மெச்சலாம். இன்னும் ஒன்று. ஒளி நொடிப்பொழுதிற் கண்ணை அடைகின்றது. ஒலியோ நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டரே செல்லும். ஒரு கிலோமீட்டர் தொலைவில் நிற்பவனுக்கு மலர் விரிந்து மூன்று நொடி கழிந்த பின்னரே முழக்கம் கேட்கும். கண்டதற்கும் கேட்பதற்கும் இடைப்பட்ட அம்மூன்று நொடியிற் கூட்டம் மூச்சடக்கி நிற்கின்றது. வேடிக்கையின் சுவையிற் பாதி அவ்விடைவெளியில் உள்ளது எனலாம்.

நிற்க. காண்போர் உணர்ச்சியை வகுத்துரைக்கத் தமிழில் தொன்மையானதொரு கருவி உண்டு. தொல்காப்பியனார் பொருளதிகாரத்து மெய்ப்பாட்டியலில், நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடுகளை எட்டாகப் பகுத்து, ஒவ்வொன்றும் தோன்றுதற்குரிய நிலைக்களன்கள் நந்நான்கு கூறினார். உள்ளத்தெழும் உணர்ச்சி கண்ணீராகவும், மயிர்க்கூச்சாகவும், ஆரவாரமாகவும் உடலின்கண் வெளிப்படுவதே மெய்ப்பாடு. வாணவேடிக்கை நிகழும் இடத்தில் வானைப் பாராது மக்கள் முகங்களைப் பார்ப்பவனுக்கு இவ்வெட்டும் விளங்கும்.

வியப்பாகிய மருட்கை புதுமையாலும், பெருமையாலும், சிறுமையாலும், ஒன்று பிறிதொன்றாய் ஆகும் ஆக்கத்தாலும் பிறக்கும் என்பது அவர் கொள்கை. வாணக்கலை இந்நான்கையும் ஒருங்கே கையாள்கின்றது. இதுவரை காணாத வடிவம் புதுமை. வானை மறைக்கும் பெருங்குண்டு பெருமை. பொற்றுகள்போல் உதிரும் நுண்பொறி சிறுமை. சிவந்து விரிந்த மலர் நடுவே பச்சையாக மாறுவது ஆக்கம். காட்சியமைப்போர் பலர் பெருமை ஒன்றையே நம்பிக் குண்டுகளின் எண்ணிக்கையைப் பெருக்குவர். ஆயின், முழக்கத்தின் மேல் முழக்கமாகவே நிகழ்ந்தால் வியப்பு மரத்துப்போம். நால்வகையும் மாறி மாறி வருமிடத்தே கூட்டம் தன்னை மறந்து ஆரவாரிக்கின்றது.

இனி, புதுமை மட்டும் போதாது என்பதற்கு அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த ஒன்றைக் காட்டுவோம். புளோரிடா மாநிலத்து வால்ட் டிஸ்னி வேர்ல்டு 1971 அக்டோபர் 1ஆம் நாள் திறக்கப்பெற்றது. அதன் மேஜிக் கிங்டம் என்னும் பூங்காவில், 'ஹாப்பிலி எவர் ஆஃப்டர்' என்னும் இரவுக்காட்சி 2017 மே 12இல் தொடங்கிற்று. பூங்காவின் நடுவணுள்ள கோட்டையின்மீது படங்களை ஒளியாக வீசி, இசையோடு வாணங்களை இயைத்து, ஏறத்தாழ 18 நிமிடத்தில் ஒரு கதைபோல் அதனை அமைத்திருந்தனர். பெருந்தொற்றினால் 2020 மார்ச்சில் நின்ற வாணங்கள் 2021 ஜூலை 1இல் மீண்டும் எழுந்தபோது மக்கள் பெரிதும் மகிழ்ந்தனர். ஆயினும், பூங்காவின் ஐம்பதாம் ஆண்டினை முன்னிட்டு அக்காட்சி செப்டம்பர் இறுதியில் நிறுத்தப்பெற்றது. அக்டோபர் 1 முதல் 'டிஸ்னி என்சான்ட்மென்ட்' என்னும் புதுக்காட்சி அதனிடத்தைக் கொண்டது. கோட்டைக்கு நேரேயுள்ள தெருவின் கட்டடங்கள்மீதும் படங்கள் விழுந்தன, அது புதுமையே. எனினும் அன்பர் பலர் உள்ளம் நிறைவுறவில்லை. ஐம்பதாண்டு நிறைவுக்கென எழுந்த காட்சியில் அவ்வைம்பதாண்டின் நினைவுகளுக்குப் போதிய இடமில்லை என்றும், பழைய காட்சியில் நெஞ்சைத் தொட்ட கதையோட்டம் இதில் இல்லை என்றும் அவர் குறைகூறினர். முடிவில், 2023 ஏப்ரல் 3இல் பழைய காட்சியே திரும்பி வந்தது. புதுக்காட்சியிற் பலர் விரும்பிய தெருவொளிப்படங்களும் அதனோடு சேர்ந்தன.

இதனை நாம் எவ்வாறு கொள்வது? அழுகைக்குரிய நிலைக்களன்களுள் ஒன்று இழவு. அஃதாவது உற்றதை இழத்தல். தாயொடு வந்து ஒரு காட்சியைக் கண்ட சிறுமி, சில்லாண்டு கழித்து மீண்டும் வருங்கால், அவள் தேடுவது வாணத்தை மட்டுமன்று. முன்பு கண்ட அந்த இரவையும் தேடுகின்றாள். காட்சி மாறின் அவ்விரவு தன்னைவிட்டு நீங்கியதாக எண்ணுகின்றாள். ஆகவே, அன்பர் குறைகூறுங்கால், 'புதியதைப் பொறாதோர்' என அவரை இகழ்தல் தகாது. திருவிழாவில் ஆண்டுதோறும் அதே தேர் அதே வீதியில் வருவதை நம் மக்கள் ஏன் விரும்புகின்றனர் என எண்ணிப் பார்ப்பின் இவ்வுண்மை புலனாகும்.

நகைக்கும் சான்று உண்டு. அப்பெருநிறுவனத்தின் எப்காட் என்னும் பூங்காவில், 1999 முதல் 2019 வரை இருபதாண்டுகள் நிகழ்ந்த 'இல்லுமினேஷன்ஸ்' என்னும் நீர்நிலைக்காட்சி அன்பரால் மிகப் போற்றப்பட்டது. பின்னர் 2021இல் வந்த 'ஹார்மோனியஸ்' என்னும் காட்சிக்காகப் பெரும் மிதவைகள் ஏரியில் நிறுத்தப்பெற்றன. இரவில் அவை ஒளிர்ந்தன. பகலிலோ ஏரியின் எழிலை மறைத்தன. வளைந்த கைகளையுடைய அம்மிதவைகளைக் கண்டோர், டாக்கோ என்னும் மெக்சிக்க நாட்டுத் தின்பண்டத்தின் பெயரால் அவற்றை அழைத்து எள்ளினர். நகையின் நிலைக்களன்களுள் முதலாவது எள்ளலன்றோ? 2023 ஏப்ரலில் அக்காட்சி முடிவுற, மிதவைகளும் அகற்றப்பட்டன. இரவின் சில நிமிடங்களுக்காகப் பகல் முழுதையும் பலியிடலாகாது என்பது இதனாற் பெறப்படும்.

நம் நாட்டிற்கு வருவோம். கேரளத்துத் திருச்சூர்ப் பூரத்தில், திருவம்பாடி, பாறமேக்காவு என்னும் இரு கோவிலாரும் தேக்கின்காட்டு மைதானத்தில் போட்டியிட்டு வாணம் விடுவர். சக்தன் தம்புரான் காலத்தில் ஏற்பட்டது அவ்விழா. ஈண்டுக் காண்போர் வெறும் காண்போராக நில்லாது பக்கம் சார்ந்து நிற்பர். தம் பக்கத்தார் வாணம் உயர்ந்தெழுங்கால் புகழ்பற்றிய பெருமிதம் கொள்வர். 2024 ஏப்ரலில், காவற் கட்டுப்பாடுகள்பற்றி எழுந்த பிணக்கினால், வைகறைக்கு முன்னர் நிகழவேண்டிய வெடிக்கட்டு காலை ஏழு மணிக்குப் பின்னரே நிகழ்ந்தது. இருளில் மலரவேண்டிய வண்ணங்கள் கதிரொளியில் வெளிறின. இரவெல்லாம் காத்திருந்தோர் வெகுண்டனர். பொதுத்தேர்தல் காலமாதலின் அது மாநில அரசியலிலும் பெரும்பேச்சாயிற்று. வெகுளிக்குத் தொல்காப்பியனார் கூறிய நிலைக்களன்களுள் 'அலை' என்பதும் ஒன்று. காத்திருந்த கூட்டம் தான் அலைக்கப்பட்டதாக உணர்ந்தது. காலமும் இருளும் வாணத்தின் உறுப்புக்கள் என்பதை இந்நிகழ்ச்சி நன்கு காட்டிற்று.

இதுவரை கூறியன விரும்பி வந்து காண்போரைப்பற்றியவை. விரும்பாது கேட்போரும் உளர். அவரை மறத்தல் அறமாகாது. இளிவரல் என்னும் மெய்ப்பாட்டிற்கு மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்பன நிலைக்களன்களாகக் கூறப்பட்டன. வேலிக்கு அப்பால் வெடியொலியால் நலிவோர் யாவர் எனின், முதியோர், நோயாளர், உழைத்து அயர்ந்தோர், மெல்லிய குழவியர் ஆகிய இவரே. இலக்கணம் ஓர் உணர்ச்சிக்குக் கூறிய பட்டியல், இன்று இரங்கத்தக்கோரின் பட்டியலாகவும் அமைந்து நிற்பது நம்மைச் சிந்திக்கச் செய்கின்றது. அச்சமோ இன்னும் பரந்தது. 2016 ஏப்ரல் 10இல் கொல்லத்தை அடுத்த பரவூர்ப் புற்றிங்கல் கோவிலில் வாணக்கிடங்கு வெடித்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். சிவகாசி வட்டாரத்தில் இம்மருந்தைக் கலந்து பிழைப்போர் நாள்தோறும் அவ்வச்சத்தின் அருகிலேயே வாழ்கின்றனர். நாம் ஒரு நொடி கண்டு மகிழும் மலர் அவர்தம் கைகளிற் பூத்ததே.

புள்ளினமும் அஞ்சுகின்றது. நெதர்லாந்து நாட்டில் புத்தாண்டிரவில் ரேடார் கருவிகொண்டு ஆராய்ந்த அறிஞர், நள்ளிரவு வாணங்கள் எழுந்த சிறிது நேரத்தில் ஆயிரக்கணக்கான பறவைகள் நீர்நிலைகளைவிட்டு எழுந்து, 500 மீட்டர் உயரம்வரை அலைந்தமையைக் கண்டனர். நம் மாவட்டத்தில் வேடந்தாங்கல் உண்டு; கோவளம், முட்டுக்காட்டுக் கழிமுகங்களில் குளிர்காலத்தே வலசைப் பறவைகள் தங்குகின்றன. இக்கடற்கரை மணலில் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. பொரித்து வெளிவரும் குஞ்சுகள் ஒளியுள்ள திசையைக் கடலென்று மயங்கிச் செல்லும் இயல்பின. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி மக்களோ, வேட்டங்குடிப் பறவைகளின்பொருட்டுத் தீபாவளியன்றும் வெடி வெடியாது நெடுங்காலமாக வாழ்ந்துவருகின்றனர். அவர் சிறார் துறந்தது எத்துணைப் பெரிய இன்பம் என்பதைத் தீபாவளியை எதிர்நோக்கிய எவரும் அறிவர்.

ஆயின் வாணவேடிக்கையை ஒழித்தல் வேண்டுமோ எனின், வேண்டா, அளவுபடுத்தலே வேண்டும். உச்சநீதிமன்றம் 2018 அக்டோபர் 23இல் தீபாவளி வெடிக்கு இரண்டுமணி நேர எல்லை வகுத்தது. தமிழ்நாட்டில் அதனைக் காலை ஆறுமுதல் ஏழுவரையும், மாலை ஏழுமுதல் எட்டுவரையும் எனப் பகுத்துக்கொண்டனர். டிஸ்னி நிறுவனத்தார் 2004இல் கருமருந்துக்கு மாறாக அழுத்திய காற்றினால் குண்டுகளை மேலெறியும் முறையை மேற்கொண்டு, தரையிற் புகையைக் குறைத்தனர். புதுதில்லியில் 2022 ஜனவரி 29இல் நிகழ்ந்த பாசறை திரும்பும் விழாவில் ஆயிரம் ட்ரோன்கள் ஒளிவிளக்கேந்தி வானில் உருவங்களை வரைந்தன. இதில் புகையில்லை, பெருமுழக்கம் இல்லை, ஆக்கத்தால் வரும் மருட்கைக்கு இதனினும் சிறந்த கருவி அரிது. ஆயினும், மார்பை அதிர்விக்கும் முழக்கத்திற்கு ஏங்குவோர் இதனால் முற்றும் நிறைவுறார். ஆகலின், சிலவே வாணமும், பலவாகிய ஒளியும், நல்லிசையும் கூடிய கலவையே ஏற்றதென்பது நம் கருத்து.

முடிவாக, இரவுக்காட்சி அமைப்போர் நினைவிற் கொள்ளத்தக்கன மூன்று. மக்கள் நெஞ்சிற் பதிந்த பழையதை அவரை உசாவாது அகற்றலாகாது. குண்டுகளின் எண்ணிக்கையால் வியப்பை அளத்தலாகாது. காட்சி நிகழும் மாதத்தையும், மணியையும், திசையையும் வகுக்குங்கால் வேலிக்கு அப்பாலுள்ள உயிர்களையும் காண்போர் தொகையிற் சேர்த்தெண்ணுதல் வேண்டும். பூங்காவில் ஆயிரவர் கைகொட்டும் அதே நொடியில், கழிமுகத்துப் பறவையும் தொட்டிலிற் குழவியும் துயில் கலையாதிருக்குமாயின், அதுவே நிறைந்த உவகையாகும். விண்ணிற் போர் நிகழ்ந்ததாக நம்பிய ஊரின் வானத்தில், அத்தகைய அமைதியான ஒளி எழுவதைக் காண நாமும் விரும்புகின்றோம்.