உங்களுக்குத் தெரியுமா? – மாடி விளிம்பில் ஒரு வல்லூறு!

ஐப்பசி மழையோடு காரைக்கால் கடலோரத்துக்கு விருந்தாளிப் பறவைகள் வந்து இறங்கும். உள்ளான் கூட்டங்களைத் தொடர்ந்து, அவற்றை வேட்டையாடும் பொரி வல்லூறும் வரும். மலைப்பாறையில் வாழும் இந்தப் பறவை மாநகரங்களின் நடுவிலும் குடியேறியிருக்கிறது. அந்தக் கதையில் நம் கரைக்கும் ஓர் இடம் உண்டு.

● உலகிலேயே அதிவேக உயிரினம் இதுதான். உயரத்தில் இரையைக் குறிவைத்து, சிறகை ஒடுக்கித் தலைகீழாகப் பாயும்போது இதன் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும்.

● கண்ணுக்குக் கீழே மீசைபோல ஒரு கறுப்புப் பட்டை இருக்கும். வெயிலின் கூச்சத்தை அது குறைப்பதாகக் கருதுகிறார்கள். வெயில் கடுமையான நாடுகளில் வாழும் வல்லூறுகளுக்கு இந்த மீசை பெரிதாகவும் கருமையாகவும் இருப்பதாக ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

● பார்வைக்குப் பருந்தின் பங்காளிபோல இருந்தாலும், மரபணுவைப் பார்த்தால் வல்லூறுக்கு நெருங்கிய சொந்தம் கிளிதான்!

● இந்த இனத்தில் பெண்தான் பெரியது. ஆண் அதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சிறியது.

● சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டும் வழக்கம் இதற்குக் கிடையாது. பாறை விளிம்பில் இருக்கும் மண்ணைக் குழித்து, அதிலேயே 3 அல்லது 4 முட்டை இடும். உயரமான கட்டடத்தின் விளிம்பும் அதன் கண்ணுக்கு ஒரு பாறைதான். கீழே புறாக் கூட்டம் இருந்தால் சாப்பாட்டுக்கும் பஞ்சமில்லை. நகர விளக்கு வெளிச்சத்தில் இரவிலும் வேட்டையாடும்.

● 2025இல் சிங்கப்பூரின் மையப்பகுதியில், ஓசிபிசி சென்டர் என்ற உயர்ந்த வங்கிக் கட்டடத்தில் ஒரு ஜோடி கூடமைத்துக் குஞ்சு பொரித்தது. அந்தக் கட்டடம் இருப்பது சூலியா தெருவில். நம் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிப்போன தமிழ் முஸ்லிம் வணிகர்களைத்தான் அங்கே ‘சூலியா’ என்று அழைத்தார்கள். கடல் கடந்த நம்மவர் பெயர் தாங்கிய தெருவில் வல்லூறும் வீடு பிடித்துவிட்டது!

● ஒரு காலத்தில் அமெரிக்காவில் இந்தப் பறவை அழிவின் விளிம்புக்கே போனது. டிடிடி பூச்சிமருந்து இரையின் வழியாக உடலில் சேர, முட்டை ஓடு மெலிந்துபோனது. அடைகாக்க உட்கார்ந்த தாயின் எடை தாங்காமல் முட்டைகள் நொறுங்கின. அமெரிக்கா 1972இல் டிடிடியைத் தடை செய்தது. வளர்ப்புக் குஞ்சுகளைக் காடுகளிலும் நகரக் கட்டடங்களிலும் பறக்கவிட்டார்கள். 1999இல் அந்நாட்டின் அருகிவரும் உயிரினங்களின் பட்டியலிலிருந்து வல்லூறு விடுபட்டது. இந்தியாவில் வயலுக்கு டிடிடி அடிக்க 1989இல் தடை வந்தது.

● பனிக்காலத்துக்கு மட்டும் வருபவை ஒரு வகை. ஆண்டு முழுவதும் இங்கேயே வாழும் வகைக்கு ‘ஷாஹீன்’ என்று பெயர். வயிற்றுப் பக்கம் செம்பழுப்பாக இருக்கும். இலங்கையின் சிகிரியா குன்றில் இதைக் காணலாம். நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வல்லூறு இருக்கிறது. பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம்.

● காரைக்கால் பகுதியின் சுரக்குடியிலிருந்தே வல்லூறைத் தேடிப் பார்க்கலாமா? தாராளமாக! ஐப்பசி முதல் மாசி வரை, காலையில் செல்போன் கோபுரத்தின் உச்சியையும் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பையும் நிமிர்ந்து பாருங்கள். அடியில் பிய்த்துப்போட்ட புறா இறகுகளும், மார்பெலும்போடு ஒட்டிய இரண்டு சிறகுகளும் கிடந்தால் வல்லூறு அங்கே விருந்துண்டிருக்கலாம். வயலில் மேயும் புறாக்கள் காரணமே தெரியாமல் ஒரே நொடியில் எழும்பினால், அவற்றைப் பார்க்காதீர்கள். அவற்றுக்கு மேலே, வானத்தைப் பாருங்கள்!