வாய் எப்படிச் சிவக்கிறது?

கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ பிரிக்ஃபீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலோ ஒரு பூசைச் சாமான் கடை முன் நின்று பாருங்கள். வெற்றிலை பச்சை, பாக்கு பழுப்பு, சுண்ணாம்பு வெள்ளை. மூன்றிலும் இல்லாத சிவப்பு, மென்றதும் வாயில் எப்படி வருகிறது?

அது வாய்க்குள்ளேயே பிறக்கிறது. பாக்கின் துவர்ப்புக்குக் காரணம் பாலிஃபீனால் என்னும் வேதிப்பொருள்கள். சுண்ணாம்பு பட்டதும் அவை காற்றின் ஆக்சிஜனோடு வேகமாகச் சேர்ந்து சிவக்கின்றன. அந்த வினையிலேயே, டிஎன்ஏவைச் சிதைக்கும் வீரியமுள்ள ஆக்சிஜன் மூலக்கூறுகளும் பிறக்கின்றன. "நல்லாச் செவந்திருக்கே" என்று நாம் மெச்சும் நிறத்தின் கூடவே இந்தச் சேதமும் நடக்கிறது.

பாக்கில் அரிக்கோலின் என்ற பொருளும் உண்டு. உடம்பில் சுறுசுறுப்பை ஏற்றி, களைப்பை மறக்கடிப்பது அதுதான். விடியுமுன் பால்மரம் வெட்டப் போன தோட்டத்துப் பெண்களின் மடியில் வெற்றிலைச் சுருக்குப்பை இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அரிக்கோலின் கன்னத்தின் உட்தோலுக்கு அடியில் நார்களை அளவுக்கு மீறி வளரவும் தூண்டுகிறது. பாக்கிலுள்ள செம்பு அந்த நார்களை இறுகப் பிணைக்கிறது. கன்னம் தோல்பை போல் விறைத்து, வாயைத் திறக்கவே முடியாமல் போகும். 1952இல் ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவர் இந்த நோயை முதலில் விவரித்தது, கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்களிடம்தான்.

வாயின் உட்தோல் ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. புது செல் பிறக்கும்போதெல்லாம் டிஎன்ஏ நகலெடுக்கப்படுகிறது. நகலில் பிழை விழுந்தால் செல்லைத் தடுத்து நிறுத்தும் காவலாளி, பி53 என்ற புரதம். அதன் மரபணுவே சிதைந்துவிட்டால் பிழைகள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து, ஒருநாள் செல் கட்டுக்கடங்காமல் பெருகும். தாம்பூலம் போடுபவர்களுக்குப் புற்று பெரும்பாலும் அதை அடக்கிவைக்கும் கன்னத்திலேயே வருவது, பாக்கின் சேதம் அங்கேயே படுவதால்தான். சிகரெட்டும் மதுவும் சேர்ந்தால் ஆபத்து பன்மடங்கு.  

"நான் போயிலை போடுறதில்லையே, வெறும் பாக்குதானே" என்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கை, புகையிலை இல்லாத பாக்கே புற்றை உண்டாக்கும் என்று உறுதி செய்தது. மலேசியாவில் மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடம், அதிலும் நம் பெண்களிடம், வாய்ப் புற்று அதிகம். மங்கலத்தின் அடையாளமான தாம்பூலம் தட்டிலேயே இருக்கட்டும். அதில் ஒரு குறையும் வராது.

இந்தப் புற்று ஒளிந்து வளர்வதில்லை என்பது நமக்குள்ள வாய்ப்பு. 1996இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்று மரணம் 34 விழுக்காடு குறைந்தது. வெறும் பார்வையின் பலன் அது.

நாமும் பார்க்கலாம். பாட்டியிடம் "ஆ காட்டுங்க" என்று சொல்லி, கைப்பேசி விளக்கை அடியுங்கள். தோல் தன்னைப் புதுப்பிக்கும் இரண்டு வாரத்தில் ஆறாத புண், வலிக்காத கட்டி, சுரண்டியும் போகாத வெள்ளைத் திட்டு இருந்தால் பல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். சிவப்புத் திட்டு வெள்ளைத் திட்டைவிட ஆபத்தானது. வெற்றிலைச் சிவப்பு கொப்பளித்தால் போய்விடும். கொப்பளித்தும் போகாத சிவப்பை ஒருநாளும் அலட்சியப்படுத்தாதீர்கள்.